திரும்பிப் பார்த்தவள்

“அந்த நீலச் சால்வைக்காரி மேல ஒரு கண்ணு வச்சிக்குங்க சுந்தரராஜ். பால் பவுடர் டின்னு காணாம போறதுக்கு அவதான் காரணம்னு எனக்குச் சந்தேகம்,” என்றார் சர்ச் பொறுப்பாளர் ஃப்ளோரா அம்மா.

சர்ச் ஹாலின் கேட் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுந்தரராஜ், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். குழந்தையை நீலச் சால்வையில் சுற்றி மார்போடு அணைத்தபடி ஒரு பெண், மற்ற தாய்மார்களோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

“பேரு ஷைலா. புருஷன் பெங்களூருக்கு வேலை தேடிப் போனவன், திரும்பி வரல. போன வாரம் ரெண்டாவது டின்னு கேட்டா. ரூல் இல்லேன்னேன். அப்போ புள்ளையை நம்ம அநாதை ஹோம்ல சேத்துக்குங்கன்னா. தாய் உசுரோட இருக்கிற புள்ளையை ஹோம்ல எப்படிச் சேக்கறது? அதுக்கும் ரூல் இல்லேன்னேன். மூஞ்சியே மாறிப்போச்சு. திருடப் போறவ மூஞ்சி அது.”

“நான் பாத்துக்கறேம்மா.”

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் கேட்டில் இருபத்தாறு வருஷம் வாட்ச்மேனாக நின்றவர் சுந்தரராஜ். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஒவ்வோர் ஆளையும் சோதித்து, ஒரு குன்றிமணித் தங்கம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டவர்.

இந்த வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது வியாழக்கிழமைதோறும் சர்ச்சில் ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுக்கிற பால் பவுடர் டின்களுக்குக் காவல். இன்னும் ஒரு டின் காணாமல் போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஃப்ளோரா அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

உள்ளே, எடை பார்த்த குழந்தைகளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு தாய்மார்கள் டின்னுக்கு வரிசையில் நின்றார்கள். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

முதலில் ஜெயம்மா. இடுப்பில் பிள்ளை, கையில் பை.

“பையைக் கொட்டும்மா.”

“இன்னாண்ணா, எம் புள்ள அரைஞாண்ல தங்கக்கட்டியா கட்டி எடுத்துக்கினு போறேன்?” ஒரு கையாலேயே பையைக் கவிழ்த்தாள். அவளுக்குக் கொடுத்த ஒரு டின்தான் உருண்டது. “சுரங்கத்துலயே ஒண்ணும் இல்லேன்னு மூடிட்டாங்க. இவரு இன்னும் தேடிக்கினு இருக்காரு!”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சுந்தரராஜ் சிரிக்கவில்லை. பிள்ளையைச் சுற்றியிருந்த துணியையும் பிரித்துக் காட்டச் சொன்னார்.

பாதிப் பேர் போயிருப்பார்கள். ஷைலா வந்தாள்.

“பையைக் கொட்டு.”

கொட்டினாள். ஒரு சீப்பும் ஒரு பழைய புடவையும் விழுந்தன. அவர் கேட்காமலே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள், சுரங்கத்து ஆட்கள் சோதனைக்கு நிற்பது போலவே.

சுந்தரராஜுக்கு ஆச்சரியம். “இது யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“எங்கப்பா ராஜப்பா. ஷிப்ட் முடிஞ்சி வூட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் நிப்பாரு, வெளையாட்டுக்கு. நாங்க பாக்கெட்டைத் தடவிப் பாப்போம்.”

“ராஜப்பா பொண்ணா நீ? உங்கப்பனை எத்தினி வாட்டி செக் பண்ணியிருக்கேன்! ஒரு நாளும் ஒரு கல்லைக்கூட வெளிய எடுத்தவன் இல்ல. ஆமா, உன் டின்னு எங்க?”

“உள்ளயே வச்சிட்டேன் மாமா. பங்காருபேட்டை ரயிலு வந்துருமா?”

எடுத்துப் போக வேண்டிய டின்னையே எடுக்கவில்லை. சுந்தரராஜுக்கு நிம்மதியாக இருந்தது. “நேரம் இருக்குது, போ.”

ரோட்டுக்குப் போனவள் நின்றாள். திரும்பி ஹாலைப் பார்த்தாள்.

சுரங்கத்தில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. கேட்டைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்க்கிற ஆளை மறுபடியும் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். சுந்தரராஜ் பிடித்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி அகப்பட்டவர்கள்தான்.

“ஏய், நில்லு! இங்க வா!”

வந்தாள். பழைய புடவையை உதறச் சொன்னார். பையின் தையலைக்கூடத் தடவிப் பார்த்தார். அவள் மறுபடியும் கைகளைத் தூக்கிக்கொண்டாள்.

“இன்னாத்துக்குத் திரும்பிப் பாத்தே?”

கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைப்பதற்குக்கூட அவள் கையை இறக்கவில்லை.

ராஜப்பா மகளைப் போய் இப்படி அழ வைத்துவிட்டோமே என்று அவருக்குச் சங்கடமாகிவிட்டது. “ட்யூட்டி அப்படிம்மா, தப்பா எடுத்துக்காதே. ஓடு, ரயிலு போயிடும்.”

ஓடினாள். இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசித் தாயும் போன பிறகு அவர் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். ரயில் போன சத்தம் எப்போதோ அடங்கிவிட்டது. ஹாலுக்குள்ளிருந்து ஃப்ளோரா அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். ஒரு கையில் பிரிக்காத டின். இன்னொரு கையில், வீறிட்டு அழுகிற நீலச் சால்வை.

“பாய்ல கெடந்துச்சு! எங்க அவ? எப்படி வெளிய வுட்டீங்க? நீங்க செக் பண்ணீங்களா இல்லியா?”

சுந்தரராஜ் சால்வையையே பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே மெல்ல மேலே எழுந்தன.

“ரெண்டு வாட்டி செக் பண்ணேம்மா... கையில ஒண்ணுமே இல்ல.”