கல்வர் சரிவின் கடைசி வளைவு

"இந்த வளைவுலதான் அவன் எப்பவும் பிரேக் பிடிப்பான்," என்றாள் டாம்சின், கடப்பாறையை ஊன்றிக்கொண்டு. "இனிமே பிடிக்க மாட்டான்."

டென்சில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். ஓக் மரங்கள் முடிகிற இடத்தில் மலை சரேலென்று இறங்கியது. அடியில் கூழாங்கல் கரையும் சாம்பல் நிறக் கடலும்.

"எனக்கென்னவோ பயமா இருக்கு டாம்ஸி. இவ்வளவு வேகத்துல வந்து செத்துக்கித்துத் தொலைச்சான்னா?"

"அவனா? சாக மாட்டான். வெட்டு."

"யாராவது பார்த்துட்டா?"

"ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு யாரு வருவா? மானும் குதிரையும்தான். ரெண்டும் கோர்ட்டுல சாட்சி சொல்லாது."

டென்சில் மறுபடி குனிந்தான். முப்பது வருடத் தாம்பத்தியத்தில், எப்போது குனிய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

மேலே ஊதாப்பூ மேட்டில் தொடங்கி, ஓக் காட்டுக்குள் வளைந்து, கடற்கரைக் குன்றில் இறங்குகிற கல்வர் சரிவு என்ற அந்தச் சைக்கிள் தடத்தை, இவர்களும் ஊர்க்காரர்கள் சிலரும் சங்கமாகச் சேர்ந்து பதினொரு குளிர்காலம் கையால் வெட்டினார்கள். ரூபர்ட் பிம் அதில் ஒரு கல்லைக்கூட நகர்த்தியதில்லை. லண்டனிலிருந்து வந்து இங்கே இரண்டாவது வீடு வாங்கியவன். அவன் சைக்கிளின் விலைக்கு டென்சில் ஒரு நல்ல டிராக்டர் வாங்கியிருப்பான். காலுறை முதல் தலைக்கவசம் வரை எல்லாம் ஒரே நிறம். சேறு பட்டால் முகம் சுளிப்பான். சேற்றில் ஓட்டுகிற விளையாட்டுக்கு வந்தவன்!

மார்ச் மாதம், மேட்டின் வேலிக் கதவருகே ஒரு செம்மறியாடு அவனைப் பார்த்தது. அவன் பயந்து விழுந்தான். விழுந்த அரை மணியில், தேநீர்க் கடையில் இரண்டாவது ஸ்கோன் ரொட்டிக்குக் கூடுதல் கிரீம் கேட்டதை ஊரே பார்த்தது. டாக்டர் சான்றிதழில் ஸ்கோனைப் பற்றி ஒரு வரி இல்லை. முதுகெலும்பு போய்விட்டது, வாழ்நாளில் இனி சைக்கிள் ஏற முடியாது, தடத்தைச் சரியாகப் போடாத சங்கம்தான் காரணம் என்று வழக்குத் தொடுத்துவிட்டான். வருகிற வியாழக்கிழமை விசாரணை. அவன் ஜெயித்தால் சங்கம் அதோடு சரி. நிலத்துக்காரர் தடத்தை அடைக்க முள்கம்பிச் சுருளைத் தயாராக வாங்கி வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, 'சிவப்பு மான்' மதுக்கடையில் பிம் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே சாய்ந்து ஆப்பிள் சைடர் குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி பக்கத்தில். டாம்சின் நேராக அவனிடம் போனாள்.

"என்ன செல்லம், முதுகு எப்படி இருக்கு?"

"வக்கீல் இல்லாம உங்ககிட்ட நான் பேசக் கூடாது."

"பேச வேண்டாம் செல்லம், கேளு. சைக்கிள்காரங்க நேரம் பதியற செயலியைப் பார்த்தியா? கல்வர் சரிவுல உன்னோட நாலு நிமிஷம் பத்து செகண்டு இப்ப ரெண்டாவது இடம்."

குவளை பாதியில் நின்றது. "எவன் அவன்?"

"அவன் இல்ல, அவ. நான்தான், நேத்து. நாலு நிமிஷம் எட்டு செகண்டு. அம்பத்தாறு வயசு, தம்பியோட பழைய சைக்கிள், கால்ல ரப்பர் பூட்ஸு."

கடையே சிரித்தது. பிம்மின் காதுகள் சிவந்தன.

"கடைசி வளைவுல பிரேக் பிடிக்காம அந்த நேரம் வரவே வராது!"

"நான் பிடிக்கலையே. தைரியம் இருக்கறவங்க பிடிக்க மாட்டாங்க." அவன் தோளை மெல்லத் தட்டினாள். "உனக்கு ஏன் செல்லம் இந்தக் கவலை? நீதான் இனிமே ஏறவே முடியாதே. பாவம்!"

மறுநாள் விடிந்ததும் கணவனும் மனைவியும் வளைவுக்கு மேலே பெரணிப் புதருக்குள் பதுங்கினார்கள். ஃபிளாஸ்கில் தேநீர்.

"வரமாட்டான்டி."

"வந்துட்டான். குனி!"

மேட்டிலிருந்து ஒரே நிறத்தில் ஒரு உருவம் பாய்ந்து வந்தது. கைத்தடி இல்லை, மெத்தை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தான். மரங்களுக்கிடையே சக்கரங்கள் சீறின. வளைவுக்கு இருபது அடி. பத்து அடி. பிரேக் பிடிக்கவே இல்லை.

டென்சில் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அலறல் கேட்கவில்லை. அவன் கண்ணைத் திறந்தபோது வளைவு காலியாக இருந்தது. கீழே கூழாங்கல் கரையில், முதுகெலும்பு போன ரூபர்ட் பிம் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்துக் கொண்டிருந்தான்.

"தப்பிச்சுட்டானா?" என்றான் டென்சில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"பொறுய்யா."

டாம்சினின் கைப்பேசி சிணுங்கியது. கல்வர் சரிவு: புதிய முதலிடம், ரூபர்ட் பிம், நான்கு நிமிடம் ஐந்து நொடி. தேதியும் நேரமும் இருந்தன. சிரித்த முகமாக ஒரு படம் வேறு. அவள் அதை அப்படியே சங்கத்தின் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, தேநீரை ஊற்றினாள்.

தோற்றுப்போன சவாரியை பிம் செத்தாலும் ஊருக்குக் காட்டமாட்டான் என்பதால்தான், முந்தின நாள் இருவரும் இரண்டு மணி நேரம் வேரை வெட்டி, கல்லைப் பெயர்த்து, மண்ணை அணைத்து, அந்த வளைவை அவன் ஜெயிப்பதற்குத் தோதாக வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள்.