பதினெட்டில் ஒருவன்

பதினெட்டுப் பையன்களும் கடைசிப் பக்கத்தில் ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள்.

கேள்வி இதுதான்: 'காலையில் கண் விழிக்காமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதுண்டா?'

பதில்: அடிக்கடி.

பதினோரு நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதே படிவத்தைக் கொடுக்கிறார்கள். எங்கள் கல்லூரியின் பங்குக்கு இந்தப் பள்ளி வந்து சேர்ந்தது. தாளைக் கொடுத்துத் திரும்ப வாங்குவது என் வேலை. பதவியின் பெயர் கள ஆய்வாளர்.

இதுவரை முடிந்த பத்து நாடுகளிலும் பெண் பிள்ளைகள் வருத்தமாக இருந்தார்கள். பையன்கள் நலமாக இருந்தார்கள். மேற்பார்வையாளர் அக்கா அறிக்கையின் முதல் பத்தியை அப்படியே எழுதி முடித்துவிட்டார். சதவீதத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

பெண் பிள்ளைகள் நன்றாகவே ஒத்துழைத்தார்கள். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு, 'எப்போதாவது' என்றால் மாதத்துக்கு எத்தனை தடவை என்று சந்தேகம் கேட்டு, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு 'அடிக்கடி' போட்டவர்களை அன்றே பக்கத்து அறையில் இருக்கும் மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. போட்டவர்கள் மூன்று பேர். துணைக்கு ஏழு பேர் போனார்கள்.

பையன்கள் பக்கம் இப்படி.

அக்கா தாள்களைச் சீட்டுக்கட்டு போல ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

"எல்லாம் காப்பிப்பா. ஒருத்தன் எழுதியிருக்கான், மத்ததுங்க கண்ணை மூடிட்டு இறக்கியிருக்குதுங்க. அந்த ஒருத்தன் யாருன்னு மணி அடிக்கறதுக்குள்ள கண்டுபிடி."

மணி அடிக்கப் பதினைந்து நிமிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை. அதற்குமேல் அவன் யாராக இருந்தாலும், திங்கள் காலை வரை அந்தப் பதிலோடு தனியாகத்தான் இருப்பான்.

பதினெட்டுப் பேரையும் வராந்தாவில் நிறுத்தினேன். இது பரீட்சை இல்லை, இதில் சரி தப்பு கிடையாது என்று முதலிலேயே படித்துப் படித்துச் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

ஸ்பீக்கர் என்று எல்லோரும் கூப்பிடும் கடைசி பெஞ்சுக்காரன் பொறுமையாக விளக்கினான்.

"அதாண்ணா பயமா இருந்துச்சு. சரி தப்பு இல்லாத பேப்பர நாங்க எழுதினதே இல்ல."

வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

விசாரணை சுலபமாக நடந்தது. யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டால் ஒவ்வொருவனும் முன்னால் இருப்பவனைக் கை காட்டினான். காட்டிக்கொடுக்கிறோமே என்ற கூச்சம் துளியும் இல்லை. பல வருடமாக விடைகள் அந்த வகுப்பில் முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்கு வாய்க்கால் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தன. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வகுப்பின் முதல் மாணவன் நின்றான். பட்டப்பெயர் விடைத்தாள்.

அவன் யாரையும் கை காட்டவில்லை. தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே தான்தான் என்றான். மறைத்து எழுதாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டான்.

ஆலோசகர் அவன் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு யாரும் போகவில்லை. ஸ்பீக்கர் மட்டும் அவன் பையை எடுத்து வந்து கதவோரம் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி திரும்பிவிட்டான்.

மணி அடித்தது. பதினேழு பேரும் கத்திக்கொண்டே ஓடினார்கள்.

வேலை சுத்தம் என்று அக்கா பாராட்டினார். பதினேழு தாள்களையும் 'செல்லாதவை' என்று எழுதிய உறைக்குள் போட்டார். அறிக்கையின் முதல் பத்தி பிழைத்தது.

உறையை ஒட்டுவதற்கு முன் எண்ணிக்கைக்காக ஒருமுறை புரட்டினேன்.

கடைசிப் பக்கத்தில், மனதைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே, சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி இருக்கும். பிள்ளைகள் கேள்வியைப் படித்துத்தான் பதில் போடுகிறார்களா என்று பார்ப்பதற்காகச் சேர்த்தது. 'நீங்கள் கண்ணாடி அணிபவரா?'

விடைத்தாள் பையனுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி. ஆம் என்று போட்டிருந்தான்.

கண்ணை மூடிக்கொண்டு இறக்கியிருந்தால் மற்ற தாள்களிலும் ஆம் என்றுதான் இருக்க வேண்டும்.

பதினேழிலும் 'இல்லை' என்று இருந்தது. அந்தப் பதினேழு பேரில் ஒருவன்கூடக் கண்ணாடி போட்டவன் இல்லை.

உறையோடு வாசல் வரை ஓடினேன். தெருமுனை திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரிப்பது இங்கே வரை கேட்டது.