சந்துப் பக்கத்துச் சுவர்

காற்று செங்கலைத் தேய்ப்பதில்லை.

சந்துப் பக்கத்துச் சுவரிலிருந்த துவாரத்தின் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்தாள். நடுவில் குழிந்திருந்தது. எத்தனையோ கைகள் உரசி உரசி விழுந்த குழிவு.

"அது காத்துக்கு உட்டதுங் அம்மணி. எங்க பாட்டனாரு அந்தக் காலத்துலயே ஏசி போட்டுட்டாரு!"

வீட்டுக்காரர் அர்த்தனாரி, தான் சொன்னதற்குத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

நூற்றுப்பத்து வருடத்துச் செங்கல் வீடு. முன்பாதியில் வெகுகாலம் மளிகைக்கடை. புராதனக் கட்டடங்களின் பட்டியலில் சேர்ப்பதற்காக அளவெடுத்து வரைய வந்திருந்தாள். வாசல், சன்னல், வளைவு, எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியாயிற்று. இந்தத் துவாரத்துக்கு மட்டும் கட்டம் காலி.

அவள் எழுதுவதுதான் இனி பதிவு.

"காத்து வழின்னே எழுதிக்கங்க."

டேப்பை வைத்தாள். உள்ளே முழங்கால் உயரம். வெளியே, சந்தில், நெஞ்சு உயரம். எதிர்ச்சுவரில் துவாரமே இல்லை. வந்த காற்று எப்படி வெளியே போகும்?

இரண்டு ஓரங்களிலும் முழுச் செங்கல்கள். ஒன்றுகூட உடைபட்டதில்லை. பிற்பாடு யாரோ இடித்துத் திறந்தது அல்ல. சுவர் எழும்பும்போதே யோசித்து விட்ட இடைவெளி.

அடிப்பகுதி சந்துப் பக்கமாகச் சரிந்திருந்தது.

"மழைத்தண்ணி உள்ள வராம இருக்கோணுமல்லோ."

அவளுடைய அப்பா இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார். கடைப்படி ஏறினால் உதை. நாங்கள் சந்துக்குள் போய் நிற்போம். காசை உள்ளே வைத்தால் வெல்லம் சறுக்கிக்கொண்டு வரும். துண்டை விரித்துப் பிடித்துக்கொள்வோம்.

எவ்வளவு நேர்த்தியான சரிவு. கையில் கை படாது.

அர்த்தனாரியின் பாட்டனார் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பார், இன்னும் கொஞ்சம் சாய்த்து வை என்று. கொத்தனார் வைத்திருப்பார்.



"ஐயா, போட்டோவுல அளவு தெரிய ஒரு ஆள் வேணும். சந்துல போய் நின்னு கையை உள்ள நீட்டறீங்களா?"

"அட, நம்ம கையும் ரெக்கார்டுல ஏறுதா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

கை வந்தது. மோதிரம் போட்ட கை.

"உள்ளங்கை மேல பார்க்கட்டுங்க."

திரும்பியது.

அவள் படம் எடுக்கவில்லை. நின்றபடியே பார்த்தாள். மற்றதையெல்லாம் சுவர் மறைத்திருந்தது. முகம் இல்லை. முழங்காலுக்குப் பக்கத்தில், விரிந்த கை மட்டும்.

"ஆச்சுங்களா?"

அவள் தாளில் அந்தக் காலிக் கட்டத்தைத் தேடினாள்.

"அம்மணி?"

பென்சிலை எடுத்தாள். கடைக்குள் விடப்படாதவர்களுக்குச் சாமான் தள்ளிய துவாரம். கட்டம் போதவில்லை. தாளின் ஓரத்திலும் எழுதினாள்.

சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்தபடி கடந்து போனது.

விரல்கள் மெல்ல மடங்கின. கை மட்டும் உள்ளேயே இருந்தது.

சந்திலிருந்து குரல் வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"உள்ள வரட்டுங்களா?"