இரண்டு தட்டு

"மாஸ்க் போடுறவன் பயந்தாங்கொள்ளி" என்று ஊரெல்லாம் சிரித்துத் திரிந்த என் தங்கை கணவர் தொற்றோடு வந்து சேர்ந்தார். அவர்கள் மகளுக்கு ஆஸ்துமா இழுப்பு. அதனால் தங்கை அவரைத் தனியறையில் விட்டுப் பூட்டி, ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள்.

மூன்றாம் நாள் அவர் கத்தினார்.

"கதவத் திற. ரெண்டு பேருக்கு இடம் பத்தல."

"உள்ள நீங்க ஒருத்தர்தானே?"

"இந்த ஆளு மூஞ்சி மேலயே இருமுறான். மாஸ்க் போடுய்யான்னா சிரிக்கிறான்."

"உங்களுக்கேத்த ஜோடிதான். பேசிட்டிருங்க."

அன்றிலிருந்து இரண்டு தட்டு நீட்டினாள். இரண்டும் காலியாகத் திரும்பின.

பதினான்காம் நாள் அவர் மாஸ்க்கோடு தனியாக வெளியே வந்தார். தங்கை மறுபடியும் பூட்டினாள்.

"அறைதான் காலியாச்சே, பூட்டு எதுக்குடி?" என்றேன்.

"எம் பொண்ணுக்கு இழுப்புக்கா."

மதியம் உள்ளிருந்து யாரோ காலித் தட்டால் ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள்.