இறக்காமல் வைத்த படங்கள்

"இந்தப் படத்தை எல்லாம் எதுக்குய்யா இன்னும் தூக்கிக்கிட்டு அலையறே?"

டீம் லீடர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

எதிரே நின்றவனுக்கு ஆபீஸ் வைத்திருக்கும் பெயர் மூட்டை. ஆப்பில் அவன் எழுதிய பக்கம் ஒரு படத்தைப் போன் மெமரியில் ஏற்றினால் லேசில் இறக்காது. அதனால் வந்த பெயர்.

ஆப் ஒரு சோபா கடைக்காரருக்காகச் செய்தது. பத்துப் படம் புரட்டினால் போதும், மெமரி நிரம்பிப் பழைய போன்கள் மூச்சுத் திணறி நின்றுவிடுகின்றன. கடைக்காரர் காலையிலிருந்து போனில் லீடரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"பக்கத்தை மூடினா படத்தையும் மெமரியிலேர்ந்து விட்டுடணும். பால பாடம்! சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது."

"விட்டா வேற இடத்துல இடிக்கும் சார்..."

"எங்க இடிக்கும்?"

மூட்டை சுவரைப் பார்த்தான்.

"பார்த்தியா! கேட்டா வாயே திறக்க மாட்டே. உன்னைக் கட்டி மேய்க்கறதுக்குள்ள என் பாதி ஆயுசு போயிடும்."

மூட்டையின் வேலையை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்று லீடர்தான் சொல்லியாக வேண்டும். ஆள் சரிப்பட்டு வர மாட்டான் என்று மேனேஜர் காதில் ஏற்கெனவே போட்டுவிட்டார்.

"நகரு. நானே பண்றேன்."

படங்களைப் பிடித்து வைத்திருந்த அந்த ஒரு வரியை அழித்துவிட்டு ஆப்பை ஓடவிட்டார். பக்கத்தை மூடியதும் மெமரி கணக்கு சரசரவென்று இறங்கியது.

"இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் ஒரு மாசமா என் உயிரை வாங்கினே."

அதே ஜோரில் ஒரு சோபாவைத் தொட்டார். படம் பெரிதாகி வர வேண்டும். ஆப் பொசுக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி தொட்டார். மறுபடியும் அதே கதைதான்.

"இப்ப என்னத்தைப் பண்ணித் தொலைச்சே?"

கடுகடுவென்று பிழை வந்த இடத்தைத் திறந்தார்.

அது படத்தைப் பெரிதாக்கும் பக்கம். அவரே எழுதியது. படத்தைத் தனக்கென்று வாங்கி வைத்துக்கொள்ளாமல், முந்தின பக்கம் எப்படியும் வைத்திருக்கும் என்ற தைரியத்தில் கை நீட்டியது. மூட்டை இறக்காமல் வைத்திருந்த வரைக்கும் அந்த வண்டி ஓடியிருக்கிறது.

மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, இவனை அனுப்பிடலாம்தானே?"

லீடர் தலையை ஆட்டினால் போதும். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மூட்டை. அவனோ இப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் சார்," என்றார் லீடர் கஷ்டப்பட்டு. "கோளாறு என்னுது. இவன் இத்தனை நாளா அதுக்கு முட்டுக் கொடுத்துட்டு இருந்திருக்கான். இவன் இருக்கட்டும்."

மேனேஜர் புருவத்தை உயர்த்திவிட்டு உள்ளே போனார். லீடருக்கு அடங்கிய கோபம் திரும்பவும் வந்துவிட்டது.

"ஏன்யா, தெரிஞ்சா வந்து சொல்றதுக்கு என்ன கேடு? ஊர் முன்னாடி திட்டு வாங்கிக்கிட்டு கல்லு மாதிரி நிக்கறே!"

மூட்டை கழுத்தைச் சொறிந்தான்.

"சொல்லத்தான் சார் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்க அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிருந்தாங்க. நீங்க வாசல்ல லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு, கண்ணைத் துடைச்சுட்டு, 'படத்தைப் பெரிசாக்கற அந்தப் பக்கத்தை ராத்திரி இங்க உக்காந்துதான் முடிச்சு அனுப்பினேன், சரியா இருக்குல்ல?'ன்னு கேட்டீங்க. இருக்கு சார்னு சொல்லிட்டேன்."