வலைக்கு இந்தப் பக்கம்

கையில் பிடித்த கோழியை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவந்து நிமிர்ந்த கொண்டை, தடித்த கால். அதற்கடுத்ததும் அப்படியே.

வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தம்பியின் கோழிகளுக்குக் கொண்டையே தெரியவில்லை. இவள் பக்கம் முழுக்கச் சேவல். அவன் பக்கம் முழுக்கப் பெட்டை.

ஒரே தீவனம் போட்டாலும் சேவல்தான் சீக்கிரம் எடை போடும். யார் வளர்த்த கோழிக்கு எடை அதிகமோ அவர்களுக்குத்தான் பண்ணை, தோற்றவர் வெளியே வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

குஞ்சு வந்த அன்று வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் இறக்கையையும் விரித்துப் பார்த்துப் பங்கு பிரித்ததும் அவர்தான். "நோஞ்சான் இருக்கான்னு பாக்கறேன்" என்றார். குஞ்சின் இறக்கையைப் பார்த்தாலே சேவலா பெட்டையா என்று தெரிந்துவிடும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தம்பி குஞ்சுப் பெட்டிகளை உள்ளே தூக்கிப்போய் இறக்கினான்.

"எடை போடற வரைக்கும் நான் ஷெட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். அப்புறம் ஓரவஞ்சனைன்னு பேச்சு வரும்" என்றும் அப்பா அன்றே சொல்லிவிட்டார்.

அம்மா போன பிறகு இந்த ஷெட்டை இழுத்துப் பிடித்தவள் அக்காதான். அதற்காக அப்பா இப்படியா செய்வார்? தம்பியிடம் சொல்லிவிடலாமா என்று வாசல் வரை போவாள். பண்ணை கைவிட்டுப் போகுமே என்று திரும்பி வருவாள்.

தம்பி வந்து அவள் பக்கத்துத் தண்ணீர்க் குழாயை உயர்த்திக் கட்டினான்.

"உன் ஆளுங்க குனிஞ்சு குடிக்கறாங்க பாரு. கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

"முதல்ல உன் பக்கத்தைப் பாருடா."

"என் பக்கம் எல்லாம் அடக்க ஒடுக்கம். வம்பு தும்பே இல்ல."

அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

எடை போடும் நாள் வந்தது. அவள் கூண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தராசு முள் எகிறியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தராசுல ஏதோ கோளாறு. திரும்பப் போடு."

அவளுக்குத் தாங்கவில்லை. "போதும்ப்பா, நடிக்காதீங்க! சேவலையெல்லாம் எனக்குக் குடுத்து அவனை ஏமாத்திட்டீங்க. இப்படி வர்ற பண்ணை எனக்கு வேண்டாம்."

அப்பா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மடல் மட்டும் சிவந்தது.

தம்பி கூண்டை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

"அவர் சேவலை எனக்குத்தான்க்கா குடுத்தார். பெட்டியை மாத்தி இறக்கினது நான்."