வெட்டப்படாத யானை

யானை நடுக்கட்டத்தில் நின்றது. காவலுக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை.

அவளுடைய மந்திரியை ஒரு முறை குறுக்கே நகர்த்தினால் போதும். வெட்டிவிடலாம்.

விரல் திரைக்கு மேலேயே நின்றது.

ஏன் வைத்தான்?

நாலு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைத்தான்.

பெண் பார்க்க வந்த அன்று, தம்பிக்குச் செஸ் என்றால் உயிர் என்று அவனுடைய அக்கா சொன்னாள். கேசரித் தட்டை நீட்டிக்கொண்டிருந்த அத்தை முந்திக்கொண்டாள். "அட, எங்க பொண்ணும் சூப்பரா ஆடுவாளே!"

அவள் அதுவரை ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை.

மறுக்க வாய் வரவில்லை. அவன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

நிச்சயம் முடிந்ததும் தினமும் போன் செய்தான்.

"சாப்பிட்டீங்களா?"

"ம். நீங்க?"

"ம்."

அப்புறம் இரண்டு வீட்டு மின்விசிறிகளும் பேசிக்கொண்டிருக்கும்.

நாலாம் நாள் போன் வரவில்லை. ஓர் ஆட்டத்துக்கான அழைப்பு வந்தது.

அந்த முதல் ஆட்டத்தில் எந்தக் காய் எப்படிப் போகும் என்பதே அவளுக்குத் தெரியாது. பத்து நகர்த்தலுக்குள் அவனுக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. சமன் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். சாமிக்கு நன்றி சொன்னாள்.

கல்யாணம் ஆவணியில். அதற்குள் அத்தையின் பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும்.

வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கினாள். எறும்பு 98. முகம் தெரியாதவர்களிடம் தோற்றாள். நாலே நகர்த்தலில் ராஜாவை இழந்தாள். மறுநாளும் அதே நாலு நகர்த்தல். ராணியைச் சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்குப் போகும் பேருந்தில் புதிர்கள் போட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு முறை தவறவிட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்த தரப்புள்ளி மெல்ல ஏறியது. முந்நூறு. நானூற்றைம்பது. திரும்ப முந்நூற்றுத் தொண்ணூறு. போன மாதம் அறுநூற்று நாற்பது.

அவனிடம் மட்டும் ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

பதினோரு ஆட்டம். முதலாவது சமன். மற்ற பத்திலும் வெற்றி.

அந்தப் பெருமையில் போன ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்டங்களைத் திறந்து, நகர்த்தல் நகர்த்தலாகப் பார்த்தாள்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு குதிரை. ஐந்தாவதில் ராணி. எட்டாவதில் ஒரு யானை. எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்றாவது நகர்த்தலில். எல்லாம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்.

பொறி என்று எதுவும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள்.

இன்று பன்னிரண்டாவது ஆட்டம். பன்னிரண்டாவது நகர்த்தல். இதோ, யானை.

அவள் மந்திரியைத் தொட்டாள். குறுக்கே கொண்டுபோகவில்லை. புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பினாள்.

பிறகு, நாலு மாதத்தில் முதல்முறையாக, கேட்காமலே ஒரு செய்தி எழுதினாள்.

"யானைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் வெட்ட மாட்டேன்."

அனுப்பிவிட்டாள். காது சுட்டது.

அவன் எப்போதும் மூன்று நொடியில் நகர்த்திவிடுவான். இப்போது அவன் பக்கத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நிமிடம்.

ஆய்வகத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, நிறம் மாறுவதற்காகக் காத்திருப்பாள். ஒரு சொட்டு கூடினாலும் எல்லாம் கெட்டுப்போகும்.

ஒரு சொட்டு கூடிவிட்டதோ?

இரண்டு நிமிடம்.

"எப்ப தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"அத்தை அன்னிக்குச் சொன்னது பொய். எனக்கு ஆடவே தெரியாது. இப்பதான் கத்துக்கிட்டிருக்கேன்."

மூன்று நிமிடம். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அம்மா எண்ணச் சொல்லியிருந்தாள். எத்தனையாவது என்று தெரியவில்லை.

"முதல் நாளே தெரியும். முதல் காய நகர்த்த நாலு நிமிஷம் எடுத்தீங்க."

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அவன் அந்த ஆட்டத்தைக் கைவிட்டிருந்தான். புதிய ஓர் அழைப்பு வந்திருந்தது. கீழே ஒரு வரி.

"இது நிஜம்."

ஏற்றுக்கொண்டாள்.

அவனுடைய முதல் நகர்த்தல் மூன்று நொடியில் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

எட்டாவதற்கு ஒரு நிமிடம் எடுத்தான்.

பன்னிரண்டாவதில் அவன் எதையும் கொடுக்கவில்லை. அவளுடைய குதிரையைத்தான் தூக்கிக்கொண்டு போனான்.

பதினான்காவதில் அவள் தன் ராணியை அவன் ராஜாவுக்கு எதிரே நிறுத்தினாள். இரண்டு நிமிடம் யோசித்தான். அந்த இரண்டு நிமிடமும் அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இருபத்தொன்றாவதில் அவளுடைய ராஜாவுக்குப் போக இடமில்லை.

"விசில எண்ணச் சொன்னேனே! எத்தனைடி ஆச்சு?" கரண்டியோடு வந்த அம்மா, அவள் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"என்ன, மாப்பிள்ளைய இன்னிக்கும் ஜெயிச்சுட்டியா?"

"இல்லம்மா." அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"தோத்துட்டேன்."